அந்தரத்தில் இருபத்து நான்கு பாதங்கள்

அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் மொத்தம் பதினாறு பேர். முந்திரி உரிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேர். அந்தத் தொழிலை நடத்துகிற மெகர் அக்கா. எங்கள் பட்டறை முதலாளி, நாங்கள் எல்லோரும் ஆசாரி அண்ணன் என்று கூப்பிடுகிறவர். நாற்காலிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்த பாட்சா. அப்புறம் நான். பன்னிரண்டு பெண்களில் ஒருத்தி என் மனைவி செல்வி.

எங்கே போனாலும் ஆட்களை எண்ணிவிடுவேன். ஏதாவது நடந்து, யார் யார் இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை.

மெகர் அக்காவின் வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். நாற்காலி வாங்கப் பணம் அனுப்பியவர் அவர்தான். அவருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும் என்று அக்கா எல்லோரையும் வரிசையாக உட்காரச் சொன்னார். பன்னிரண்டு புது நாற்காலி, பன்னிரண்டு நீலக் கோட்டு. வேலைக்காக அக்கா தைத்துக் கொடுத்த கோட்டு அது. கொட்டகை முழுக்க வறுத்த முந்திரி வாசனை. நான் போட்ட பாலிஷ் வாசனை அதில் அமுங்கிப்போயிருந்தது.

பாட்சா போனில் படம் எடுத்தான். எடுத்துவிட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, இங்கிட்டு வாங்களேன். காலெல்லாம் தொங்குது."

வாங்கிப் பார்த்தேன். இருபத்து நான்கு பாதங்கள். ஒன்றுகூடத் தரையில் இல்லை.

பயந்தவன் உட்கார்ந்தால்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், ஒரு மரப்பட்டறையில் வேலை பார்க்கிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் போடுவது என் வேலை. பதினோரு வருஷம் ஆகிறது. அதோடு இன்னொரு வேலையும் உண்டு. பட்டறையில் செய்கிற எந்த நாற்காலியும் நான் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வெளியே போகும்.

எனக்கு இந்த வேலை வந்தது திறமையால் இல்லை, பயத்தால். சேர்ந்த புதிதில் ஒரு நாற்காலியைப் பார்த்தாலே, கனத்த ஆள் ஒருவர் கல்யாண வீட்டில் இதில் உட்கார்ந்து, கால் பிளந்து, பின்மண்டை அடிபட்டு விழுகிற காட்சி கண்ணுக்கு வந்துவிடும். ஆட்டிப் பார்ப்பேன். காதை வைத்துக் கேட்பேன். திரும்பவும் ஆட்டுவேன்.

ஆசாரி அண்ணன் இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இனிமே கடைசியா நீயே ஒக்காந்து பாத்துரு. நீ பயப்படாம ஒக்காந்தா ஊர்ல எவனும் ஒக்காரலாம்."

நானும் அதை மனதார நம்பினேன். உட்கார்ந்து மனதுக்குள் நூறு வரை எண்ணுவேன். முழங்காலுக்குப் பின்னால் விளிம்பு அறுக்கிறதா என்று கைவிட்டுப் பார்ப்பேன். சாய்மானப் பட்டைகளில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டுச் சாய்வேன். எழுந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால், எந்தப் பட்டை முதுகில் படுகிறது, எது படவில்லை என்று வெள்ளையாகத் தெரியும். படாத பட்டையை அண்ணன் இழைப்புளியால் இழைத்துச் சரிசெய்வார். இது நானாகக் கண்டுபிடித்த வழி. இதில் எனக்குப் பெருமை உண்டு. உண்டு என்று எழுதிவிட்டேன், இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும்.

என் உயரம் ஆறடி. பட்டறையில் எனக்கு நெட்டை என்று பெயர்.

எங்கள் நாற்காலியில் உட்காரும் பலகை தரையிலிருந்து பதினெட்டரை இஞ்ச் உயரம். அது எங்கிருந்து வந்த அளவு என்று நான் அண்ணனைக் கேட்டதில்லை. முதலில் பதினேழரை இருந்ததாகவும், நான் வந்த பிறகு, "கொஞ்சம் பள்ளமா இருக்குண்ணே" என்று சொல்லிச் சொல்லி ஒரு இஞ்ச் ஏறியதாகவும் அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன்.

இருக்கட்டும்ங்க

பதினோரு வருஷம் ஒருவருமே சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் பக்கம் நாற்காலி வாங்க வருகிறவர்கள் குடும்பமாக வருவார்கள். "ஒக்காந்து பாருங்கக்கா" என்போம். "இருக்கட்டும்ங்க" என்று சொல்லி அந்த அக்கா நின்றுகொண்டே இருப்பார். நாலு ஆம்பிளைகள் வேலை செய்கிற இடத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்து, நெளிந்து பார்ப்பதா? கூட வந்த கணவரோ, அண்ணனோ, மாமனாரோ உட்காருவார். அவரும் சங்கடப்பட்டால் நான் உட்கார்ந்து காட்டுவேன். பலகையில் கையை வைத்து ஒரு தடவு தடவிவிட்டு, "வழவழன்னு இருக்குங்க, நல்லாத்தான் இருக்கு" என்பார் அந்த அக்கா. வியாபாரம் முடிந்துவிடும்.

வீடுகளில் கொண்டுபோய் இறக்கும்போது பார்த்திருக்கிறேன். பெண்கள் எங்கள் நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள், இல்லை காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டுக்கொள்வார்கள். இலுப்பூரில் ஒரு வீட்டம்மா முழு நேரமும் அப்படித்தான் உட்கார்ந்து எங்களுக்கு மோர் கொடுத்தார்.

"நம்ம பொம்பளைகளுக்கு நாற்காலியில ஒக்காரத் தெரியாதுப்பா. தரையில ஒக்காந்தே பழகிருச்சு" என்று திரும்பி வரும் வழியில் அண்ணன் சொன்னார். நான் சிரித்தேன். பாட்சாவும் சிரித்தான்.

பெஞ்சு

இதில் எனக்குத் தாங்காத விஷயம் ஒன்று உண்டு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீட்டில் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் பெஞ்சும் ஒரு காரணம்.

ஆறாவதிலேயே என் முழங்கால் முன்மேசையின் அடிப்பலகையில் இடிக்கும். காலை வெளியே நீட்டினால், "வழியில காலப் போடாதடா" என்று அடி விழும். உள்ளே மடக்கினால் மரத்துப்போகும். ஒரு நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு எழுந்தால் நடக்கவே வராது. பையன்கள் சிரிப்பார்கள். நேராக உட்காரத் தெரியாதவன் என்று பெயர் வாங்கினேன்.

ஆக, உடம்புக்குப் பொருந்தாத பலகை என்ன செய்யும் என்று தெரிந்தவன்தான் நான். அப்படிப்பட்டவன்தான் அதை இத்தனை வீட்டுக்குச் செய்து அனுப்பியிருக்கிறேன்.

மதியம் வரை

கொட்டகைக்கு வருகிறேன்.

மெகர் அக்கா நாற்காலி வாங்கியதே பெண்களின் முழங்காலுக்காகத்தான். வருஷக்கணக்காகத் தரையில் உட்கார்ந்து உரித்ததில் பாதிப் பேருக்குக் கால் போயிருந்தது. செல்வியின் வலது முட்டியைப் பார்த்த டாக்டர், இனி தரையில் உட்கார்ந்து வேலை செய்யவே கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்காலி வராவிட்டால் அவள் வேலையை விட வேண்டும். அவள் சம்பளம் இல்லாமல் எங்கள் வீடு ஓடாது. இந்த வேலை எங்கள் பட்டறைக்கு வந்ததும் அவள் சொல்லித்தான். பதின்மூன்று நாற்காலி. உரிக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு, மேற்பார்வை பார்க்க அக்காவுக்கு ஒன்று.

போட்டோவைப் பார்த்த மெகர் அக்கா எங்களைப் பார்த்தார்.

"என்னங்க ஆசாரி இது?"

"புதுசுல்லம்மா. ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார் அண்ணன்.

வரிசையில் மூத்தவரான காளியம்மா காலை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ராட்டினத்துல ஒக்காந்தாப்புல. டிக்கெட் எவ்வளவுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதியம் வரைக்கும் ஒக்காந்து வேல பாக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்" என்றார் மெகர் அக்கா.

பையில் சாக்பீஸ் இருந்தது. பன்னிரண்டு நாற்காலியின் சாய்மானப் பட்டைகளிலும் தேய்த்துவிட்டேன். நீலக் கோட்டில் நன்றாகத் தெரியும். அண்ணனும் பாட்சாவும் டீ குடிக்கப் போனார்கள். நான் வாசலில் நின்றுகொண்டு பார்த்தேன்.

மேசைகளை உள்ளூர் வெல்டிங் கடையில் செய்திருந்தார்கள். எங்கள் நாற்காலிக்கு அவை தாழ்வாக இருந்தன. பெண்கள் கூன் போட்டுக் குனிந்து உரித்தார்கள். அளவைத் தப்பாக எடுத்துவிட்டார்கள் போல என்று மெகர் அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

"வெல்டிங்காரத் தம்பியா? அவரு என்னையவும் காளியம்மாவையும் ஸ்டூல்ல ஒக்கார வச்சு, கீழ செங்கல அடுக்கிக் கால ஊனச் சொல்லி, செங்கலுக்கு மேலருந்து முழங்கை வரைக்கும் டேப் வச்சுல்ல அளந்தாரு" என்றார் அக்கா.

அளப்பதற்கு ஒரு ஆளை உட்கார வைக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவும் இரும்பு வேலை செய்கிறவருக்குத் தோன்றியிருக்கிறது.

செல்வியின் கூடை

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் பெண்கள் எழுந்தார்கள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே போனேன். நீலம். நீலம். நீலம். ஒரு கோட்டிலும் வெள்ளை இல்லை. நாற்காலிகளைப் பார்த்தேன். தேய்த்த சாக்பீஸ் தேய்த்தபடி இருந்தது. காலை முழுக்க ஒருத்திகூடச் சாயவில்லை.

இல்லை, இரண்டு பேர் சாய்ந்திருந்தார்கள். ஒருவர் காளியம்மா. அவர் பத்து மணிக்கே காலைத் தூக்கி மேலே போட்டுச் சம்மணத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இன்னொருத்தி செல்வி. அவள் கோட்டின் முதுகில் இரண்டு பட்டையும் தெளிவாக, வெள்ளையாகப் பதிந்திருந்தன. எனக்கு உயிர் வந்தது. ஒருத்திக்காவது பொருந்தியிருக்கிறதே. அவளும் மற்றவர்கள் உயரம்தானே. அப்படியானால் நாற்காலியில் தப்பில்லை, பழக்கம்தான் இல்லை. அண்ணன் சொன்னது சரிதான். இதை அக்காவிடம் காட்ட வேண்டும் என்று அவசரமாக அவள் நாற்காலியை இழுத்தேன்.

மேசைக்கடியில் ஒரு செங்கல் இருந்தது. பழைய சேலைத் துணி சுற்றி, மேலே சணல் கட்டிய செங்கல்.

அந்தச் செங்கல்லை எனக்குத் தெரியும். அது எங்கள் வீட்டுச் செங்கல்.

கல்யாணமான வருஷம், பலகையில் முடிச்சு விழுந்துவிட்டது என்று கழித்த ஒரு நாற்காலியை அண்ணன் எனக்குக் கொடுத்தார். எட்டு வருஷமாக வீட்டில் அதுதான் ஒரே நாற்காலி. அதன் பக்கத்தில் எப்போதும் இந்தச் செங்கல் கிடக்கும். காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். துணி சுற்றியது தரை தேயாமல் இருக்க என்று நினைத்திருந்தேன். அவள் அதன்மேல் கால் வைத்து எத்தனையோ தடவை கீரை ஆய்ந்திருக்கிறாள், பூக் கட்டியிருக்கிறாள். நான் எதிரில்தான் இருந்திருக்கிறேன். பார்த்ததே இல்லை.

காலையில் பைக்கில் வரும்போது அவள் வயர் கூடை கனமாக இருந்தது. "சோத்துக்கு இம்புட்டு கனமா?" என்று கேட்டேன். "ஊறுகா பாட்டில் இருக்குங்க" என்றாள்.

செல்வி கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எத்தன வருசமா?"

"ஒக்காந்த அன்னைக்கே தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா செல்வி?"

அவள் மற்றவர்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சொன்னா என்ன பண்ணுவீங்க? எல்லாருக்கும் வித்த நாற்காலிய நெனச்சு நெனச்சுத் தூங்க மாட்டீங்க. சாப்பிட மாட்டீங்க. கேஸ் சிலிண்டர் மூடியிருக்கான்னு நாலு தடவ எந்திரிச்சுப் பாக்குற ஆளுகிட்ட இதப் போய்ச் சொல்லவா? செங்கல் ஏழு ரூவாதான். அதப் போட்டுக்கிட்டேன்."

ஒரு நாற்காலியில் யாரும் கஷ்டப்படக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பயந்துதான் என் வீட்டிலேயே ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அறுத்தால் ஒட்டாது

மெகர் அக்கா சுற்றி வளைக்கவில்லை. "எடுத்துட்டுப் போயிருங்க ஆசாரி. அட்வான்ஸ் பதினஞ்சாயிரத்தத் திருப்பிக் குடுங்க. நாங்க தரையிலேயே ஒக்காந்துக்குறோம்."

தரை என்றதும் செல்வி தன் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவளுக்கே தெரியாமல் கை போயிருக்கும்.

"கால அறுத்துரலாம்ணே" என்றேன்.

அண்ணன் திரும்பினார். பதினோரு வருஷத்தில் வெளி ஆள் முன்னால் நான் அவரிடம் யோசனை சொன்னதில்லை.

"அறுத்தா ஒட்டவாடா முடியும்? எவ்வளவு அறுக்குறது? யாருக்கு எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணே. அளந்தாத் தெரியும்."

"அப்பறமும் சரியில்லன்னா?"

"என் பேர்ல போடுங்க."

சொல்லிவிட்டேன். பன்னிரண்டு நாற்காலியின் விலை என்ன என்று மனது தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது.

அளப்பதற்கு வழி சொன்னவள் செல்விதான். கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பலகைத் துண்டுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொருத்தியின் காலுக்குக் கீழும், "போதுமா? இன்னொன்னு வைக்கவா?" என்று கேட்டுக் கேட்டு அடுக்கினாள். முதலில் எல்லோரும், "போதும், போதும்" என்றார்கள், எங்கள் பட்டறைக்கு வருகிற அக்காமார் "இருக்கட்டும்ங்க" என்பது போலவே. மெகர் அக்கா அதட்டினார்: "ஏண்டி, நாள் பூரா ஒக்காரப்போறது நீங்களா அவுகளா? சரியாச் சொல்லுங்கடி."

என்னையும் அண்ணனையும் பாட்சாவையும் வெளியே போகச் சொன்னார். அதன்பிறகுதான் உள்ளே பேச்சுச் சத்தம் எழுந்தது. "எனக்கு இன்னும் ஒண்ணு வையி." "இடுப்புக்கிட்ட ஒண்ணுமே இல்லடி, பொந்து மாதிரி இருக்கு." "மேப்பட்ட கொண்டைய இடிக்குது." பதினோரு வருஷம் நான் கேட்டிருக்க வேண்டியது எல்லாம் அரை மணி நேரத்தில் ஜன்னல் வழியாக வந்தது.

யாருக்கு எவ்வளவு என்று செல்வி உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்ல, நான் வாசலில் உட்கார்ந்து எழுதினேன். ரெண்டரை. மூணு. மூணேகால். காளியம்மாவுக்கு மூன்றரை. ஒரே அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

பட்டறைக்கு எடுத்துப்போய் மூன்று நாளில் முடித்தோம். ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதிக்கொண்டோம். அண்ணன் கால்களை அறுத்தார். இடுப்புக்குப் பின்னால் ஒரு பட்டையைக் கூடுதலாக வைத்தார். கொண்டை இடித்த மேல்பட்டையை இறக்கினார். எதையும் என்னை உட்கார்ந்து பார்க்கச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

திரும்பக் கொண்டுபோய் இறக்கிய அன்று செல்வி முதலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் சிமெண்டுத் தரையில் வைத்தாள். குதிகால், விரல், எல்லாம் பட்டது. சாய்ந்தாள். வரும் வழியில் கூடை லேசாக இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

பதின்மூன்றாவது

பதின்மூன்றாவது நாற்காலியை அண்ணன் அறுக்கவில்லை. மெகர் அக்கா அளவு கொடுக்கவே இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியே தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டார்.

"அப்ப இது யாருக்குக்கா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத்தான் தம்பி. செல்விய கூப்பிட வரும்போது வாசல்லயே நிக்கிறீங்கள்ல. ஒக்காந்து பாருங்க."

பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தேன். பாதம் தரையில் பதிந்தது. பட்டைகள் முதுகில் சரியாக வந்து அமர்ந்தன. பழக்கத்தில் மனது எண்ண ஆரம்பித்தது. நூறு வரை எண்ணினேன். ஒரு குறையும் இல்லை. உலகத்தில் எனக்காகவே செய்தது போல இருந்தது. செய்திருந்ததும் அப்படித்தான்.

"எப்படி இருக்கு?" என்றார் காளியம்மா.

"நல்லாத்தான் இருக்குங்க."

"இருக்கும்ல" என்றார் மெகர் அக்கா. "அப்ப அதுக்கு நாங்க எதுக்குக் காசு குடுக்கணும்?"

பன்னிரண்டு நாற்காலிக்கு, அட்வான்ஸ் போக மீதிப் பணத்தை அங்கேயே எண்ணி அண்ணன் கையில் கொடுத்தார். பதின்மூன்றாவதின் விலை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாயை அண்ணன் நான் கேட்டுக்கொண்டபடியே என் பெயரில் எழுதிவிட்டார். வாரச் சம்பளத்தில் இருநூறு பிடிக்கிறார்.

நான்கு வாரம் ஆகிறது. இன்னும் இரண்டாயிரம் ரூபாய் பாக்கி.